புதிய கருவியை மக்கள் ஏற்பது எப்படி? தாமிரபரணிக் கரையை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

சில கருவிகள் வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே அன்றாட வாழ்வில் கலந்துவிடுகின்றன. வேறு சில, அரசின் ஆதரவும் மானியமும் விளம்பரமும் இருந்தும் வீட்டு மூலையில் கிடக்கின்றன. இன்னும் சில, பழைய முறையை விரட்டாமல் அதன் பக்கத்திலேயே பல தலைமுறைக் காலம் நிற்கின்றன. இந்த வேறுபாடு எதனால் என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடப்பட்டுவருகிறது. சமூகவியல், பொருளியல், உளவியல், வரலாறு ஆகிய துறைகள் தத்தம் வழியில் விடை சொல்லியிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் ஏதோவொரு கருவிக்குப் பொருந்துகிறது; எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

இந்த விடைகளை உரசிப் பார்க்கத் திருநெல்வேலிச் சீமையின் கல்லிடைக்குறிச்சி வட்டாரம் தக்க இடம். அங்கே வயல், ஆலை, வீடு, அலுவலகம் நான்கும் சில மைல் சுற்றளவுக்குள் அமைந்திருக்கின்றன. ஊரை ஒட்டிய வயல்கள் கன்னடியன் கால்வாயின் நீரில் கார், பிசானம் என இரண்டு பருவம் விளைகின்றன. தாமிரபரணியின் எதிர்க்கரையில் அம்பாசமுத்திரத்தில் 1937இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மேற்கே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்து நீர்விசையை நம்பி நூற்பாலை அமைத்தார்கள். அதே மலையடிவாரத்தில் 1940களில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஊருக்குள்ளோ வீடுகளில் பெண்கள் இடும் அப்பளம் பெயர்பெற்ற தொழில். ஒரே ஆற்றங்கரையில் ஒரு கருவி விரைந்து பரவுவதையும் இன்னொன்று தயங்கி நிற்பதையும் சேர்த்துப் பார்க்க இதனால் இயலுகிறது.

பரவல் என்னும் விளக்கம்

இக்கேள்விக்கான பழைய விடைகளில் ஒன்று, மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள் என்பது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் கேப்ரியல் தார்த் 1890இல் இதை ஒரு சமூக விதியாகவே முன்வைத்தார். அதற்குக் கள ஆதாரம் தந்தவர்கள் அமெரிக்காவின் பிரைஸ் ரையனும் நீல் கிராஸும். அயோவா மாநிலத்தின் இரண்டு விவசாயச் சமூகங்களில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவிய விதத்தை ஆராய்ந்து 1943இல் அவர்கள் வெளியிட்டார்கள். 1920களின் இறுதியில் வந்த அந்த விதையை 1941க்குள் ஏறத்தாழ எல்லா விவசாயிகளும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய விதை பற்றிய செய்தியைப் பலருக்கும் முதலில் கொண்டுவந்தவர்கள் விற்பனையாளர்கள். ஆனால் விதைக்கலாம் என்ற துணிவைப் பின்னால் வந்தோருக்குக் கொடுத்தது அண்டை அயலாரின் அனுபவம்.

இந்த மரபை ஒரு முழுக் கோட்பாடாக்கியவர் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வெளிவந்த அவருடைய நூல், புதுமையை ஏற்போரை ஐந்து வகையாகப் பிரித்தது: முன்னோடிகள் 2.5 விழுக்காடு, முந்தி ஏற்போர் 13.5, முன்பாதிப் பெரும்பான்மை 34, பின்பாதிப் பெரும்பான்மை 34, கடைசியாக வருவோர் 16. ஒரு புதுமை பரவும் வேகத்தை அதன் ஐந்து பண்புகள் தீர்மானிக்கின்றன என்றும் அவர் கூறினார். பழையதைவிட மேலான பயன், இருக்கும் வழக்கத்தோடு பொருந்துதல், எளிமை, சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, பலன் பிறர் கண்ணில் படுதல் ஆகியவையே அவை.

இந்த ஐந்தும் நெல் விதைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. அம்பாசமுத்திரம் நிலையம் 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 நெல் ரகம் குறுகிய வயதுடையது. கார் பருவத்தின் காலக்கணக்குக்குள் அடங்குவது. புதிய ரகத்தை ஒரு வயலில் மட்டும் போட்டுப் பார்க்கலாம். பயிர் நின்ற அழகும் களத்தில் கண்ட மகசூலும் வரப்பில் நடப்பவர் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பருவத்துக்கு விதையைப் பக்கத்து வயல்காரரிடமே வாங்கிக்கொள்ளலாம். விதை பரவுவதற்கான வழி விவசாயிகளின் அன்றாடப் பழக்கத்திலேயே இருந்தது.

இக்கோட்பாட்டின் குறைகள் மூன்று. ஒன்று, புதுமை நல்லது, எல்லோரும் ஏற்க வேண்டியது என்ற முன்முடிவு அதில் உறைந்திருக்கிறது. ரோஜர்ஸே பிந்தைய பதிப்புகளில் இதை ஒத்துக்கொண்டார். இரண்டு, ஏற்காதவரின் குணத்தையே அது குறை காண்கிறது. மூன்று, இந்த ஐந்து வகைகளையும் பரவல் முடிந்த பிறகே தெளிவாகப் பிரிக்க முடியும்.

புகையில்லா அடுப்பின் வரலாறு இந்தக் குறைகளைத் தெளிவாகக் காட்டுகிறது. 1980களில் தொடங்கிய தேசியத் திட்டம் இந்தியக் கிராமங்களுக்கு மேம்பட்ட மண் அடுப்புகளைக் கொண்டுசென்றது. பின்னாளில் ஒடிசாவில் இத்தகைய அடுப்புகள் தரப்பட்ட குடும்பங்களை ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதலாண்டில் தெரிந்த பலன் பிறகு மறைந்தது. அடுப்புகள் பழுதாயின, ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை, பயன்பாடும் குறைந்துவந்தது. அந்த வீட்டுப் பெண்களைக் ‘கடைசியாக வருவோர்’ என்ற பெட்டியில் அடைப்பது பிழை. அவர்கள் அடுப்பை வாங்கினார்கள், பயன்படுத்தினார்கள், போதாது என்று கண்டு விட்டார்கள். பரவலைக் காட்டும் வளைகோட்டில் இப்படி விட்டவர்களுக்கு இடம் இல்லை.

ஆதாயமும் அண்டை வயலும்

பொருளியலாளர்களின் விடை வேறு. அயோவாவில் பார்த்த அதே மக்காச்சோள விதையை எடுத்துக்கொண்டு, 1957இல் ஸ்வி கிரிலிகஸ் மாநிலத்துக்கு மாநிலம் பரவல் வேகம் மாறுவதற்கு லாபமே பெரிய காரணம் என்று நிறுவ முயன்றார். எங்கே லாபம் மிகுதியோ அங்கே விதை விரைவாகப் பரவியது. அந்தந்த மண்ணுக்கு ஏற்ற விதையை நிறுவனங்கள் உருவாக்கித் தரத் தாமதமான இடங்களில் விவசாயிகளும் தாமதமாகவே வந்தார்கள். தாமதத்தின் காரணத்தை மனிதரின் மனப்பான்மையில் தேடாமல் வழங்கலிலும் வருவாயிலும் தேடியதே இவ்வாய்வின் பெரும்பங்கு.

தமிழ்நாட்டில் இக்கேள்வி மிக விரிவாக ஆராயப்பட்ட இடம் வட ஆர்க்காடு. பி. எச். ஃபார்மர் தொகுத்து 1977இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புதிய நெல் ரகங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை என்றும் பலன் சமமாகச் சேரவில்லை என்றும் ஐயம் எழுப்பியது. அதே வட்டாரத்தைப் பின்னர் ஆராய்ந்த பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட நூல், 1980களுக்குள் புதிய ரகங்கள் பெரும்பாலான நிலத்தில் இடம்பிடித்திருந்ததையும் சிறு விவசாயிகளும் நிலமற்றவர்களும்கூடப் பயனடைந்திருந்ததையும் காட்டியது. ஒரே இடத்தை இரண்டு காலங்களில் பார்த்தால் முடிவு இத்தனை மாறக்கூடும். ஏற்பைப் பற்றிய எந்தத் தீர்ப்பிலும் கால அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அண்டை வயலைப் பார்த்துக் கற்பதும் எல்லாப் பயிருக்கும் ஒன்றுபோல நடப்பதில்லை. பசுமைப் புரட்சிக் கால இந்தியத் தரவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டரும் மார்க் ரோசன்ஸ்வைக்கும், தம் அனுபவத்தோடு அண்டையாரின் அனுபவத்திலிருந்தும் விவசாயிகள் கற்கிறார்கள் என்று 1995இல் காட்டினார்கள். கைவன் முன்ஷி 2004இல் இதை மேலும் பகுத்தார். கோதுமை விவசாயிகள் அண்டையாரின் முடிவை அதிகம் பின்பற்றினார்கள். நெல் விவசாயிகள் குறைவாகவே பின்பற்றினார்கள். தாமே சோதித்துப் பார்ப்பதை அதிகம் நாடினார்கள். புதிய நெல் ரகங்களின் விளைச்சல் மண், நீர் ஆகியவற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறியதே அதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம். இந்த விளக்கம் சரியெனில், ஆற்றுப்பாசன வட்டாரத்துக்கு நடுவிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதன் மதிப்பு கூடுகிறது. தஞ்சையில் விளைந்தது தாமிரபரணியிலும் விளையுமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கிறது.

ஏற்காமல் இருப்பதும் கணக்கறிந்த முடிவாக இருக்கலாம் என்று கென்ய மக்காச்சோளத் தரவுகளைக் கொண்டு தவ்னீத் சூரி 2011இல் வாதிட்டார். சராசரியில் லாபம் தரும் விதை, சாலையும் உரக்கடையும் தொலைவில் உள்ள ஒருவருக்கு நட்டம் தரலாம். இந்த அணுகுமுறையின் பலம் அதுவே: ஏற்காதவரை அது அறியாதவர் என்று முடிவுகட்டுவதில்லை. அதன் பலவீனம், குடும்பத்தை ஒரே ஆளாக எண்ணிக் கணக்குப் பார்ப்பது. வீட்டுக்கு லாபம் என்று எழுதப்படுவது, அந்த வீட்டில் யாருடைய முதுகுவலி குறைந்தது, யாருடைய கூலி போனது என்பதைச் சொல்வதில்லை.

அலுவலகமும் ஆணையும்

கணினி அலுவலகங்களுக்கு வந்தபோது கேள்வி உளவியலின் கைக்குப் போனது. ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த மாதிரி இரண்டு எண்ணங்களை முதன்மைப்படுத்தியது. இந்தக் கருவி தன் வேலைக்கு உதவும் என்று ஊழியர் நினைக்கிறாரா? அதைப் பயன்படுத்துவது எளிது என்று நினைக்கிறாரா? விசுவநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட பிறரும் 2003இல் இத்தகைய பல மாதிரிகளை ஒன்றிணைத்து, எதிர்பார்க்கும் பலன், எதிர்பார்க்கும் சிரமம், சுற்றியிருப்போரின் செல்வாக்கு, துணைவசதி என நான்கு காரணிகளை வகுத்தார்கள். வினாநிரல் கொடுத்து அளக்க முடிவதால் இம்மாதிரிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுகளுக்கு அடிப்படையாயின.

இவற்றின் முதல் குறை, பயன்படுத்துவேன் என்று சொல்வதையும் உண்மையில் பயன்படுத்துவதையும் ஒன்றாகக் கருதும் போக்கு. அதைவிடப் பெரிய குறை, ஊழியருக்கும் பயனாளிக்கும் தெரிவு இருக்கிறது என்ற அனுமானம். தமிழ்நாட்டில் 2017இல் குடும்ப அட்டைப் புத்தகத்துக்குப் பதில் ஸ்மார்ட் அட்டை வந்தது. 2020இல் ரேஷன் கடைகளில் கைரேகை பதிவு செய்யும் முறை வந்தது. அரிசி வாங்க வருபவர் கைரேகைக் கருவியை விரும்புகிறாரா என்று கேட்பதில் பொருள் இல்லை. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி படிக்கத் தவறும்போது சுமையைத் தாங்குபவரும் அவரே. இத்தகைய இடங்களில் ‘ஏற்பு’ என்ற சொல்லே நடப்பதைச் சரியாகக் குறிப்பதில்லை.

மனப்பான்மைக்கு அப்பால் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் வாண்டா ஓர்லிகோவ்ஸ்கி முக்கியமானவர். குழுவாகக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் மென்பொருள் ஓர் அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தில் அறிமுகமானபோது நடந்ததை அவர் 1992இல் ஆராய்ந்தார். தனிநபர் திறமைக்கே பதவி உயர்வு தரும் நிறுவனத்தில் தன் அறிவைப் பிறரோடு பகிர ஊழியருக்குக் காரணம் இருக்கவில்லை. கருவி எளிதாகத்தான் இருந்தது. ஊதியமும் உயர்வும் அதற்கு எதிராக அமைந்திருந்தன.

இந்திய வங்கிகளின் கணினிமயமாக்கலும் இதே பாடத்தைத் தருகிறது. இயந்திரமயமாக்கல் வேலையைப் பறிக்கும் என்ற அச்சத்தால் 1960கள் முதல் காப்பீட்டு, வங்கித் துறைகளில் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. 1983இல் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான குழு கிளைகளில் இயந்திரங்களைப் படிப்படியாகக் கொண்டுவரும் வழியைப் பரிந்துரைத்தது. 1988இல் அவர் தலைமையில் இன்னொரு குழு மேலும் விரிவான திட்டம் தந்தது. முதலில் பேரேட்டில் வரவு செலவைப் பதியும் வேலை மட்டும் கருவிக்கு மாறியது. எந்தக் கிளையில் எந்தப் பணி இருந்தபடியே தொடரும், எது மாறும் என்பது பேச்சுவார்த்தையில் தீர்மானிக்கப்பட்டது. கிளைகளை ஒரே வலையில் இணைக்கும் முறை பரவ 2000க்குப் பின் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்தை ஊழியரின் மனத்தடை என்று மட்டும் படிப்பவர்கள், அந்தப் பேச்சுவார்த்தை வேலைக்குத் தந்த பாதுகாப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

உழைப்பு யாருடையது, பலன் யாருக்கு

நான்காவது மரபு ஏற்பை அதிகாரத்தின் கேள்வியாகப் பார்க்கிறது. தமிழகத்தில் அதன் வலுவான குரல், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவுடையது. 1934இல் காந்தியின் முன்முயற்சியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்திய அவர், அரிசி ஆலைகளைக் கடுமையாக எதிர்த்தார். ஆலை தீட்டும் அரிசி சத்தை இழக்கிறது என்பது ஒரு காரணம். கைக்குத்தலால் பிழைக்கும் பெண்களின் கூலி போகிறது என்பது மற்றொன்று. விடுதலைக்குப் பின் 1958இல் நாடாளுமன்றம் அரிசி ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியபோதும் கைக்குத்தல் தொழிலைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. இருந்தும் ஆலைகள் பெருகின. தன் வீட்டு நெல்லைத் தானே குத்திய பெண்ணுக்கு ஆலை விடுதலை; பிறர் நெல்லைக் கூலிக்குக் குத்திய பெண்ணுக்கு அதே ஆலை வருவாய் இழப்பு. ஒரு கருவி நல்லதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வீட்டு வேலையைக் குறித்து ருத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் இன்னொரு கோணத்தைத் திறந்தது. அமெரிக்க வீடுகளில் சலவை இயந்திரமும் அடுப்பும் வந்த பிறகும் இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. முன்பு பிறர் பகிர்ந்த வேலையும் அவர் தலையில் சேர்ந்தது; சுத்தம், சமையல் பற்றிய எதிர்பார்ப்புகளும் உயர்ந்தன. கோவையில் உருவாகிப் பரவிய மாவாட்டும் கிரைண்டர், ஆட்டுக்கல்லின் கடும் உழைப்பைத் தமிழ்ப் பெண்களிடமிருந்து அகற்றியது ஐயத்துக்கு இடமில்லாத நன்மை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அந்த நன்மையை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசென்றது. ஆனால் மாவாட்டுவது யார் பொறுப்பு என்பது கருவியால் தானாக மாறிவிடுவதில்லை.

இந்த மரபின் குறை, மக்களைப் பாதிக்கப்படுவோராக மட்டும் காணும் சாய்வு. டேவிட் ஆர்னால்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவை இந்தியரின் வாழ்வில் எப்படிக் கலந்தன என்று காட்டுகிறது. வெளிநாட்டில் பிறந்த இச்சிறு இயந்திரங்களை இந்தியர்கள் தம் தேவைக்கு வளைத்து, பழுதுபார்த்து, தமதாக்கிக்கொண்டார்கள். ஆர்வத்தோடு நடந்த இத்தகைய ஏற்பை அதிகாரத்தின் கணக்கு மட்டும் விளக்காது.

பழையதன் நீண்ட ஆயுள்

வரலாற்றாசிரியர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பழையது ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது? ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை, அதைவிடச் சிறந்தவை வந்த பிறகும் நீடிப்பதற்கு, ஏற்கெனவே பழகிய விரல்களும் பயிற்சியும் சந்தையும் ஒன்றையொன்று கட்டிப்போட்டதே காரணம் என்று பால் டேவிட் 1985இல் வாதிட்டார். சிறந்தவை என்று சொல்லப்பட்ட மாற்றுகளின் மேன்மைக்கு ஆதாரம் போதாது என்று லீபோவிட்ஸும் மார்கோலிஸும் 1990இல் மறுத்தார்கள்.

தமிழ்த் தட்டச்சு இந்த விவாதத்துக்குத் தன் பங்கைத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழின் ஒலி அமைப்பைத் தழுவிய ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. கற்க எளிது, விரல் அசைவும் குறைவு என்ற பரிந்துரை அதற்கு இருந்தது. ஆயினும் தட்டச்சுப் பயிலகங்களில் பழைய வரிசையில் பயின்று, அரசுத் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழால் வேலை பெற்றவர்களின் விரல்கள் அலுவலகக் கணினியிலும் பழைய வரிசையையே நாடின. தேர்வும் வேலையும் பயிலகமும் ஒரே வரிசையைச் சுற்றி அமைந்திருந்தபோது ஒரு தட்டச்சர் மட்டும் தனியே மாறுவதில் அவருக்குப் பலன் இல்லை. கைப்பேசியிலோ அத்தகைய சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. அங்கே குரலாலும் ஆங்கில எழுத்தாலும் தமிழை உள்ளிடும் வழிகள் மளமளவென்று பரவின.

கருவி வந்ததும் பலன் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பையும் இம்மரபு திருத்தியது. கணினிகள் எங்கும் தெரிகின்றன, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்ற பொருளில் ராபர்ட் சோலோ 1987இல் எழுதினார். பால் டேவிட் 1990இல் அதற்குப் பழைய முன்னுதாரணம் ஒன்றைக் காட்டினார். அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்தே முழுப் பலன் தெரிந்தது. பழைய ஆலையில் ஒரே நீளத் தண்டு எல்லா இயந்திரங்களையும் பட்டைகளால் சுழற்றியது. அந்த இடத்தில் மின்மோட்டாரை வைப்பதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, கட்டடத்தையும் வேலை ஒழுங்கையும் மாற்றிய பிறகே பலன் வந்தது. டேவிட் எட்ஜர்டன் தம் நூலில் இதை விரிவாக்கி, கண்டுபிடிப்பின் வரலாற்றைவிடப் பயன்பாட்டின் வரலாறே முக்கியம், பழையவையும் பராமரிப்பும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றார். இந்த அணுகுமுறையின் எல்லை, பழையது எப்போது முறியும் என்று முன்கூட்டிச் சொல்ல அதனால் இயலாமை.

இடையில் நிற்பவர்கள்

மேற்கண்ட விளக்கங்களில் பெரும்பாலானவை ஒரு மனிதர், ஒரு கருவி என்ற படத்தை மனத்தில் கொண்டவை. தமிழ்நாட்டின் அனுபவம் மூன்றாவது ஆளை நினைவூட்டுகிறது. மனு எழுதித் தருபவர், இ-சேவை மைய ஊழியர், அம்மாவின் கைப்பேசியை இயக்கிக் கொடுக்கும் மகள், மோட்டார் கட்டும் தொழிலாளி ஆகியோர் கருவிக்கும் பயனுக்கும் இடையில் நிற்கிறார்கள். பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, கருவியைத் தொடாமலேயே அதன் பயனைப் பெறுவோர் பலர் என்று விவரித்தது. இவர்களைப் பயன்படுத்துவோர் என்று எண்ணுவதா, வேண்டாமா என்பது இன்றும் கருத்து வேறுபாடுள்ள கேள்வி.

இடையில் நிற்பவரின் வலுவும் வலுவின்மையும் மதுரை மாவட்டம் மேலூரில் தெரிந்தன. அங்கே 2001 முதல் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் கிராம இணைய மையங்கள் அமைந்தன. சான்றிதழ் விண்ணப்பம் போன்ற அரசுப் பணிகள் அங்கே நடந்தவரை மக்கள் வந்தார்கள். அதிகாரிகளின் ஆதரவு தளர்ந்து, வருவாயும் போதாமல் போனதும் பல மையங்கள் மூடப்பட்டன. கருவியும் இணைப்பும் மக்களின் விருப்பமும் அப்படியே இருந்தும் அமைப்பின் தாங்குதல் விலகியதால் பயன்பாடு நின்றது.

இதற்கு மாறான கதை, 2016இல் வந்த யுபிஐ பணப்பரிமாற்றம். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பணமதிப்பு நீக்கம் அதற்கு ஒரு தள்ளுதல் தந்தது. ஆனால் அது நிலைத்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. கடைக்காரர் அச்சிட்ட கியூஆர் குறியீடு ஒன்றை ஒட்டினால் போதும், கட்டணம் இல்லை, பணம் வந்ததை ஒலிபெருக்கி தமிழில் அறிவிக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் பிறர் உதவியின்றி நம்பிக்கை கிடைத்தது.

கூறு கூறாக நடக்கும் ஏற்பு

இத்தனை விளக்கங்களையும் தாமிரபரணிக் கரையின் வேலைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை முழுதாக ஏற்பதோ மறுப்பதோ அரிது. ஒரு வேலையின் எந்தக் கூறைக் கருவியிடம் தருவது என்றே அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

அப்பளத் தொழிலில் உளுந்து அரைப்பது ஆலைக்குப் போய்விட்டது. உருண்டையைக் குழவியால் அப்பளமாக இடும் வேலை, அதற்கான இயந்திரங்கள் வந்த பிறகும் வீடுகளில் கூலி வேலையாக நீடித்தது. பிள்ளைகளைக் கவனித்தபடி வீட்டிலிருந்தே செய்யும் வருவாய் வழி என்பதால் அது பெண்களுக்குத் தேவைப்பட்டது. கையால் இட்ட அப்பளத்தைக் கேட்டு வாங்குவோரும் இருந்தார்கள். காயவைப்பது சூரியனை நம்பியது. மலையடிவாரச் சாரலும் ஐப்பசி மழையும் வேலையை நிறுத்தினாலும் வெயிலுக்கு விலை கிடையாது. உலர்த்தும் இயந்திரத்துக்கோ முதலும் மின்கட்டணமும் வேண்டும்.

வயலிலும் அப்படியே. உழவு டிராக்டருக்கு மாறியது. அறுப்பும் சூடடிப்பும் சேர்த்து அறுவடை இயந்திரத்துக்குப் போயின. அதை யாரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் அது வைக்கோலைச் சிதைத்ததால் மாடு வைத்திருப்போர் தயங்கினார்கள். வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வந்து அந்தத் தயக்கத்தைக் குறைத்தது. நடவு இயந்திரம் இவற்றைவிட மெதுவாகப் பரவியதற்குக் காரணம் அதன் முன்தேவையில் இருக்கிறது. அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், வயல் ஒரே மட்டமாக வேண்டும். நடவை மட்டும் தனியே பிரித்து இயந்திரத்திடம் கொடுக்க முடியாது, அதற்கு முந்தைய வேலையும் மாற வேண்டும்.

இவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளைக் கவனத்தோடு வகுக்கலாம். முதலாவது, ஒரு கூறு மற்றவற்றைக் குலைக்காமல் பிரியக்கூடியதா என்பது. வங்கியில் பேரேடு முதலில் மாறியதும் கிளைகளின் இணைப்பு பிறகு வந்ததும் இதனோடு ஒத்துப்போகின்றன. இரண்டாவது, அந்தக் கூறின் உழைப்பைச் சுமப்பவரும் கருவியைப் பற்றி முடிவெடுப்பவரும் ஒருவர்தானா என்பது. இருவரும் ஒருவரே ஆனால் ஏற்பு விரைவு. வேறு வேறானால் ஒன்று இழுபறி, அல்லது திணிப்பு. மூன்றாவது, பழுதானாலோ புரியாவிட்டாலோ அணுகக்கூடிய தொலைவில் ஆள் இருக்கிறாரா என்பது. புகையில்லா அடுப்பும் மேலூர் மையங்களும் தடுமாறியது இங்கேதான்.

இந்த வரையறை முந்தைய கோட்பாடுகளை ஒதுக்குவதில்லை. ரோஜர்ஸின் ‘சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு’ முதல் நிபந்தனைக்கு நெருங்கியது. குமரப்பாவும் கோவனும் எழுப்பிய கேள்வியே இரண்டாவது. எட்ஜர்டனின் பராமரிப்பே மூன்றாவது. நடந்து முடிந்ததைப் பார்த்து வகுக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு இவற்றுக்கும் பொருந்தும். வரப்போகும் ஒரு கருவியைப் பற்றி முன்கூட்டிச் சொல்லிச் சோதித்தால்தான் இவற்றின் வலிமை தெரியும்.

முடிவு காணாத கேள்விகள்

நான்கு கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. முதலாவது, கட்டாயத்தால் பயன்படுத்துவதை ஏற்பு என்று எண்ணலாமா என்பது. அரசுச் சேவைகள் கருவி வழியாக மட்டுமே கிடைக்கும் நிலை பெருகும்போது, பயன்பாட்டு எண்ணிக்கை மக்களின் மதிப்பீட்டைக் காட்டும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது, கைவிடுதல். எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று கணக்கெடுக்கும் அளவுக்கு, எத்தனை பேர் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று ஆய்வுகள் கேட்பதில்லை.

மூன்றாவது, மிச்சமான நேரம் எங்கே போகிறது என்பது. கிரைண்டரும் அறுவடை இயந்திரமும் விடுவித்த மணிநேரங்கள் ஓய்வாகின்றனவா, வேறு கூலி வேலையாகின்றனவா, வருவாயற்ற வெறுமையாகின்றனவா என்பது ஆளுக்கும் பாலினத்துக்கும் சாதிக்கும் ஏற்ப மாறும். இதைத் தொடர்ந்து அளந்த தரவுகள் குறைவு.

நான்காவது, எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அலுவலகத்துக்குள் நுழைவது. வரைவு எழுதுவது எளிதில் பிரியும் கூறு. எனவே அது விரைவாக மாறக்கூடும். கோப்பில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது பிரியாத கூறு. வரைவைச் சரிபார்க்கும் உழைப்பு யார் தலையில் விழும், இளநிலை ஊழியர் எழுதி எழுதிக் கற்ற திறன் இனி எங்கே கற்கப்படும், தமிழில் இக்கருவிகள் தரும் தரம் ஆங்கிலத்துக்கு நிகராகுமா ஆகியவற்றுக்கு உறுதியான விடை சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

இதுவரையிலான ஆய்வுகள் சேர்ந்து உறுதிசெய்வது ஒன்று உண்டு. புதியதை ஏற்காதவரின் தயக்கம் பெரும்பாலும் ஏதோவொரு தகவலைச் சுமந்திருக்கிறது: அந்த மண்ணுக்குப் பொருந்தாமை, பராமரிக்க ஆள் இன்மை, பறிபோகும் கூலி, இடம் மாறும் சுமை. அத்தயக்கத்தைக் களைய வேண்டிய தடையாக மட்டும் எண்ணும் திட்டம் அந்தத் தகவலை இழக்கிறது. அதைக் கேட்டறிந்து கருவியையும் வேலை ஒழுங்கையும் திருத்தும் திட்டங்கள் நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதே, வட ஆர்க்காட்டு வயல் முதல் வங்கிக் கிளை வரையிலான சான்றுகள் இப்போதைக்கு அனுமதிக்கும் முடிவு.